தம்பிச்சி வீடு

ஞானதிரவியம் தன் வீட்டு வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டிய அன்று தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். பலகையில் இருந்தது இவ்வளவுதான்: 'கார்க் நகரச் சிறையிலிருந்து தப்பி ஓடிய ஆட்டுத் திருடர் மைக்கேல் ரயன் அவர்களின் பதின்மூன்றாம் தலைமுறைப் பேரன்.' 'திருடன்' என்று எழுதியிருந்ததை 'திருடர்' ஆக்கச் சொல்லி, 'அவர்களின்' என்பதையும் அவரே நின்று சேர்க்க வைத்தார்.

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. 2187ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டையில் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் வம்சத்தில் ஒரு குடிகாரப் பட்டாளத்துக்காரனைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மூன்றாம் வீட்டில் ஒரு கப்பல் சமையல்காரன். லிவர்பூலில் இரண்டு மனைவிகளை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டவன். அவன் படத்துக்குத் தினமும் பூ வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "உங்க பக்கம் தீவுல பொறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டுவிடுவார்கள். ஒருவரும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவது குதிரைக்கொம்பு.

எல்லாவற்றுக்கும் காரணம் வெயில். சித்திரையில் ஐம்பத்தாறு டிகிரி. ஊருக்கு மேலே வெள்ளைக் கூரை போட்டு, அதற்குள் குளிர்க்குழாய்களை ஓடவிட்டு ஜனங்கள் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு மேல் கூரைக்கு வெளியே தலை காட்டினால் தோல் உரிந்துவிடும். பூமியில் மனிதன் சும்மா நடந்து போகக்கூடிய இடங்கள் குறைந்துபோயிருந்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் அவற்றில் இரண்டு. அங்கே இன்னும் மழை பெய்தது, நனைந்தால் குளிர்ந்தது. தீவுக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு ஒரே ஒரு சந்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். தீவில் பிறந்த ஒரு மூதாதை உனக்கு உண்டு என்று, நடுவில் ஒரு தலைமுறையும் விட்டுப்போகாமல் காகிதத்தில் காட்டு. காட்டினால் நீயும் வரலாம், உன்னைக் கட்டியவரும் வரலாம்.

இரத்தப் பரிசோதனை செல்லாது. கருச்செப்பம் செய்யாமல் பிள்ளை பெறுவது நின்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஐரிஷ் மரபணு வேண்டுமென்றால் கத்தரிக்காய் மாதிரி பொறுக்கி எடுத்துக் கருவில் சேர்க்கலாம். ஆகவே இரத்தம் பொய் சொல்லும், காகிதம் பொய் சொல்லாது என்று தீவுகளின் சட்டம் முடிவு கட்டியது. காகிதத்தை எழுதியதும் மனிதன்தானே என்று சட்டம் எழுதியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படிப் பிறந்ததுதான் வேர்தேடி என்ற தொழில். ஜெமிமா பதினேழு வருடமாக வேர்தேடி. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களைத் தீவுகளுக்கு ஏற்றி அனுப்பியிருந்தாள். இங்கிலாந்துக்காரன் என்றால் வேலை சுலபம். பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுத்த குடிக்கணக்கு இருக்கிறது. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கிறது. அயர்லாந்துதான் வயிற்றெரிச்சல். அங்கே பழைய குடிக்கணக்கில் பாதியை அரசாங்கமே கூழாக்கிவிட்டது, மீதி 1922இல் டப்ளின் ஆவணக்களஞ்சியம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. கிராமக் கோயில்களில் பாதிரியார்கள் லத்தீனில் எழுதி வைத்த ஞானஸ்நான ஏடுகள், நிலவரிக் கணக்கு, கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது எழுதிய பட்டியல், இவைதான் மிச்சம். பட்டியலில் பெயர், ஊர், உயரம், கண்ணின் நிறம், செய்த தொழில் எல்லாம் இருக்கும். பசிக்குப் பயந்து கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டுவிட்டுக் கப்பலேறிய நெசவாளர்களை ஜெமிமா அந்தப் பட்டியல்களில் அண்டை வீட்டுக்காரர்களைப் போல அறிந்திருந்தாள்.

மற்ற வேர்தேடிகள் இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் தாங்களே ஒரு பாட்டியை எழுதிச் சேர்ப்பார்கள். ஜெமிமா சேர்த்ததில்லை. பொய்த்தாள் ஒன்றும் இவள் கை வழியாகப் போனதில்லை என்பது ஊர் அறிந்த விஷயம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதை அவள் மறைப்பதும் இல்லை.

ஆனால் ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தவளுக்குத் தன் பிள்ளை தானாக வளரவில்லை. அவள் பக்கத்து முன்னோர்கள் அத்தனை பேரும் உவரிக் கடற்கரையைத் தாண்டாத மீன்பிடிகாரர்கள். கணவன் செல்வின் பக்கமும் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். செல்வின் குளிர்க்குழாய் மெக்கானிக். இருபது வருடம் கூரைமேல் ஏறி ஏறி வேலை பார்த்ததில் சிறுநீரகம் இரண்டும் வற்றிப்போயின. வெக்கைநோய் என்றார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தாலும் இந்தச் சூட்டில் அதுவும் ஒரு வருடத்தில் வற்றும்.

"குளிர்ப் பிரதேசத்துக்குக் கொண்டு போங்கம்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இங்கேயே இருந்தா இந்தச் சித்திரையத் தாண்டுதது கஷ்டம்."

அப்போது தை மாதம் பாதி கழிந்திருந்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெமிமா வேறு யாருக்காகவோ கோட்டைப் பட்டாளத்தின் பழைய ஞானஸ்நான ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். லண்டனுக்குப் போன நகலை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். மூலத்தை இப்போதுதான் பார்க்கிறாள். 1843ஆம் ஆண்டு, செப்டம்பர். 'மேரி. பீரங்கிப் படை வீரன் டேனியல் டெம்ப்சிக்கும் ஒரு நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்த மகள்.' அந்த நாட்டுப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. பாதிரியார்கள் அப்படித்தான் எழுதுவார்கள், பெயர் கேட்கும் சிரமம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜெமிமாவுக்கு அது பழகிப்போனதால் ஏட்டைத் திருப்பப் போனாள். அப்போதுதான் ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஏதோ எழுதியிருப்பது கண்ணில் பட்டது. மணியடித்து எடுபிடி பார்த்த கோயில்குட்டியோ உபதேசியாரோ தன் வசதிக்காகக் குறித்து வைத்தது. லண்டன் நகலில் அது இல்லை.

'தம்பிச்சி மேரி.'

ஜெமிமா அந்த இரண்டு சொல்லையும் மறுபடி படித்தாள். பிறகு ஏட்டை மூடாமலே எழுந்து நின்றாள்.

செல்வினின் குடும்பத்துக்கு ஊரில் தம்பிச்சி வீடு என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்றால் அதற்குக் கதையும் இருந்தது. குடும்பத்தின் ஆதித்தாய் மேரியம்மாள், தாயில்லாத தம்பிமார் ஏழு பேரைத் தானே வளர்த்து ஆளாக்கினாளாம். அதனால் தம்பிச்சி. 2024இல் ஐசக் பொன்னையா என்ற தலைமையாசிரியர் அச்சடித்த 'எங்கள் குடும்ப வரலாறு' என்ற சிறு புத்தகத்தில் இது இருந்தது. ஜெமிமா கல்யாணமான புதிதில் அதைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறாள். டெம்ப்சி என்ற பெயரைத் தமிழ் நாக்கு தேய்த்துத் தேய்த்துத் தம்பிச்சி ஆக்கிவிட்டது என்பதும், இருக்கிற சொல்லுக்கு இல்லாத தம்பிமாரைப் பிற்பாடு பெற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதும் பதினேழு வருடம் இதே தொழிலில் இருந்தவளுக்கு எட்டவில்லை. விளக்கடியில்தான் இருட்டு.

வீட்டுக்கு ஓடினாள். செல்வின் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கூரைக் குழாயின் சத்தத்தைக் கேட்டு, எந்த இணைப்பில் கசிகிறது என்று மனதுக்குள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கேருங்க, உங்க வீட்டுல ஏழு தம்பிமாரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

"என்னட்டி சொல்லுதே? வந்ததும் வராததுமா குடும்பத்துல ஏழு பேரைக் கொன்னுட்டே."

"தம்பியும் இல்ல, தம்பிச்சியும் இல்ல. அது டெம்ப்சி. அயர்லாந்துக்காரன். டேனியல் டெம்ப்சி. உங்க மேரியம்மாளுக்கு அப்பன்."

செல்வின் எழுந்து உட்கார முயன்று முடியாமல் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "வெள்ளைக்காரனா? எங்க வீட்டுலயா? எங்க அப்பா கேட்டிருந்தா நாண்டுக்கிட்டு நின்னிருப்பாவ."

"உங்க அப்பா நிக்கட்டும். நீங்க பொழைக்கணும்லா," என்று சொல்லிவிட்டு ஜெமிமா அழுதாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

அடுத்த மூன்று வாரத்தில் அவள் பார்த்த வேலையை அதற்கு முன்பு யாருக்கும் பார்த்ததில்லை. மேரியிலிருந்து செல்வின் வரை பதினொரு தலைமுறை. நெல்லைச் சீமைக் கோயில் ஏடுகள் புண்ணியத்தில் பத்து தலைமுறைக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் வரிசையாகக் கிடைத்தன. கடல்தாண்டி, கம்பெனி ஆளெடுப்புப் பட்டியலில் டேனியல் டெம்ப்சி இருந்தான்: வயது இருபத்திரண்டு, ஐந்தடி ஆறங்குலம், சாம்பல் நிறக் கண், நெசவாளி, ஊர் மௌண்ட்மெலிக். அந்த ஊர்க் கோயிலின் லத்தீன் ஏடு டப்ளின் தீக்குத் தப்பியிருந்தது, கோயிலிலேயே கிடந்ததால். அதில் அவன் பிறப்பும் இருந்தது. மூத்தவன் அவன். அவனுக்குக் கீழே தம்பிமார் நான்கு பேர். நான்கு பேருமே பஞ்ச வருடங்களில் அடுத்தடுத்து அடக்கமாகியிருந்தார்கள்.

இதற்குள் ஜெமிமாவுக்கு மேரிமீது ஒரு பாசம் வந்துவிட்டது. அவளுக்கும் செல்வினுக்கும் பிள்ளை இல்லை. சாம்பல் நிறக் கண்ணோடு கோட்டைத் தெருவில் ஓடியிருக்கக்கூடிய ஒரு குழந்தையைப் பற்றிச் சோறு போடும்போதெல்லாம் பேசினாள். "அவன் தன் பேரை அவளுக்குக் குடுத்திருக்கான் பாருங்க. நிறையப் பேரு அதுகூடக் குடுக்கல," என்பாள். செல்வின், "சரிட்டி, உன் மாமனாரை ரொம்பப் புகழாதே, தலை வீங்கிரும்," என்பான்.

அனுமதி மண்டபம் ஐகிரவுண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே சன்னல்கள் இரண்டு. இடதுசன்னல் தீவுகளுக்கு. அதன் முன் எப்போதும் நூறு பேருக்குக் குறையாமல் நிற்பார்கள். வலதுசன்னல் பொதிகைமலை உச்சியில் இருந்த மேட்டுநகருக்கு. அங்கும் குளிர் உண்டு, சாரல் உண்டு. ஆனால் அவர்கள் சட்டம் நேர்மாறானது: வெளியார் கலப்பு ஒருபோதும் இல்லை என்று நூறு வருடத்துக்கு முந்தைய பதிவுப் பத்திரம் காட்ட வேண்டும், தீவுகளுக்கு உரிமை கோரிய குடும்பமாகவும் இருக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடி எழுதிக் கொடுத்துவிட்டபடியால், வலதுசன்னல் முன்னால் நிற்க ஆள் இல்லை. அந்தப் பக்கத்துத் தரையை யாரும் மிதிக்காததால் அது பளபளவென்று இருந்தது.

இரண்டு சன்னலுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தது ஒரே எந்திரம். அதன் பெயர் ஆவணத் தீர்ப்பி. இருநூறு வருடத்துப் பத்திரங்களைப் படித்துத் தமிழ் கற்றுக்கொண்ட எந்திரம் அது. ஆகவே பத்திர எழுத்தர் பேசுவது போலவே பேசும்.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை ஜெமிமாவும் செல்வினும் இடதுவரிசையில் நின்றார்கள். செல்வினுக்குச் சக்கர நாற்காலி. அவர்களுக்கு முன்னால் ஞானதிரவியம். அவருக்குச் சன்னலில் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பியபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"அந்தப் பாவி ஜெயில்ல இருந்து தப்பவே இல்லையாம்மா. அங்கேயே காய்ச்சல் கண்டு செத்துட்டானாம். ஜெயில் கணக்குல இருக்காம். எனக்குத் தேடிக் குடுத்தவன் அதைப் பாக்கல." அவர் சுவரோரம் போய் உட்கார்ந்தார். "தெரு பூரா இனிப்புக் குடுத்துட்டனே."

ஜெமிமா தன் தாள்களைச் சன்னலில் வைத்தாள். எந்திரம் ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தது.

"மேற்படி விண்ணப்பதாரர் செல்வின் என்பவரின் பதினொரு தலைமுறையும் தொடர்ச்சியாகக் காணப்படுகிறது," என்றது. "மேற்படி டேனியல் டெம்ப்சி என்பவர் தீவில் ஜனித்தது ருசுவாகிறது. வேர்தேடியின் வேலை நேர்த்தியானது."

ஜெமிமா செல்வினின் தோளை அழுத்தினாள்.

"எனினும்," என்றது எந்திரம்.

கீழே ஒரு திரை ஒளிர்ந்தது. முத்திரையும் கட்டைவிரல் ரேகையும் உள்ள ஒரு பத்திரம். 2024ஆம் வருடத்தியது.

"பாளையங்கோட்டை ஐசக் பொன்னையா என்பவர் சுயநினைவுடனும், பிறர் தூண்டுதலின்றியும், முழு மனச்சம்மதத்துடனும் எழுதிப் பதிவு செய்த உறுதிமொழிப் பத்திரம். வாசகம் பின்வருமாறு: 'எங்கள் தம்பிச்சி வீட்டுக் குடும்பத்தில் சட்டைக்காரக் கலப்பு எக்காலத்திலும் இருந்ததில்லை. மேரியம்மாள் சுத்தமான இந்நாட்டுத் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர். தம்பிமாரை வளர்த்ததால் தம்பிச்சி எனப்பட்டார். மாறாகப் பேசுவோர் பொறாமையால் பேசுகிறார்கள்.' அன்னாரின் மகள் திருமணத்தை முன்னிட்டு, சம்பந்தி வீட்டாரின் கோரிக்கைப்படி எழுதப்பட்டது."

சட்டைக்காரர் என்றால் வெள்ளைக்காரனுக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கும் பிறந்த வழி வந்தவர்கள். ஒரு காலத்தில் அந்தச் சொல்லைக் கோயில் வாசலில் ஒருவர் காதில் ஒருவர் சொல்வார்கள். புத்தகம் அச்சடித்தது ஜெமிமாவுக்குத் தெரியும். அச்சடித்த புத்தகம் ஆவணம் ஆகாது. அதையே பத்திரமாகவும் பதிந்து வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

"அது பொய்," என்றாள். "கல்யாணம் நடக்கணும்னு எழுதின பொய். இந்தா ஞானஸ்நானத் தாள். பென்சில்ல எழுதியிருக்குது பாருங்க."

"பென்சில் எழுத்துக்கு முத்திரை இல்லை. காகிதங்கள் முரண்படின், பதிவு செய்யப்பட்டதும் பிந்தியதும் குடும்பத்தாரே எழுதிக்கொடுத்ததும் செல்லும். விண்ணப்பம் தள்ளுபடி. தங்கள் உரிமைக் கோரிக்கை இன்று மாலை ஐந்து மணிக்கு நிரந்தரப் பதிவில் ஏறும்."

"ஏறினா என்ன, ஏறாட்டி என்ன?" என்றாள் ஜெமிமா. தாள்களை அள்ளிக்கொண்டாள். மனதறிந்து ஒரு பொய்த்தாளும் கொடுக்காத அவளுடைய மெய்த்தாளை, எப்போதோ செத்துப்போன ஒரு தலைமையாசிரியரின் பொய் தோற்கடித்துவிட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த மனுஷனின் கல்லறையைத் தேடிப் போய் மிதிக்க வேண்டும் போல இருந்தது.

செல்வின் சிரித்தான். "எனக்குக் குழிய ஐசக் தாத்தா அப்பவே வெட்டி வச்சிருக்காரு. நல்ல ஆழமா வெட்டியிருக்காரு. சவத்தை விடுட்டி, வீட்டுக்குப் போவோம்."

நாற்காலியைத் திருப்பினாள். திருப்பியபோது பளபளவென்ற தரை கண்ணில் பட்டது. அதற்கப்பால் வலதுசன்னல்.

ஜெமிமா நின்றுவிட்டாள்.

வெளியார் கலப்பு இல்லை என்ற பத்திரம். நூறு வருடத்துக்கு முந்தையது. முத்திரையும் ரேகையும் உள்ளது. அது இந்த ஊரிலேயே ஒரே ஒரு வீட்டில்தான் மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு மாலை ஐந்து மணிவரை அது செல்லும்.

செல்வின் அவள் பார்வையைப் பின்தொடர்ந்து பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. சிரிப்பு நின்றது.

"வேண்டாம்ட்டி."

"ஏன் வேண்டாம்?"

"பதினேழு வருசம் ஒரு பொய்த்தாள் குடுக்காதவ நீ. அந்தப் புள்ளையப் பத்தி மூணு வாரமா மகளே மகளேன்னு பேசிட்டு, இப்ப அவ அப்பனை இல்லைன்னு சொல்லுவியா?"

"நீங்க செத்தா நான் யாருகிட்ட அவளைப் பத்திப் பேசுதது?" என்றாள் ஜெமிமா.

செல்வின் நாற்காலிச் சக்கரத்திலிருந்து கையை எடுத்தான்.

வலதுசன்னலில் அதே எந்திரம் அதே குரலில் வணக்கம் சொன்னது, இதுவரை அவளைப் பார்த்ததே இல்லை என்பது போல. பத்திரத்தை எடுத்துப் பார்த்தது. மெத்தச் சரி என்றது. மேட்டுநகரில் மருத்துவமனையோடு சேர்ந்த வீடு, கணவன் மனைவி இருவருக்கும், சித்திரைக்கு முன்பே குடியேறலாம் என்றது. பிறகு, "இன்று இடதுசன்னலில் தாங்கள் சமர்ப்பித்த ஞானஸ்நானத் தாள் ஒன்று நிலுவையில் உள்ளது. அதன் தன்மை என்ன?" என்று கேட்டது.

"மெய்யா பொய்யான்னு கேக்கீங்களா?"

"ஆம். பொய்யெனில் தாங்களே சன்னலுக்குக் கீழுள்ள அழிப்புவாயில் இடலாம்; கோரிக்கையும் அத்துடன் நீங்கும். வேர்தேடி உரிமம் ரத்தாகும். மெய்யெனில் இந்தச் சன்னல் தங்களுக்கு மூடப்படும்."

ஜெமிமா தாளைக் கையில் எடுத்தாள். முன்னூற்று நாற்பத்து நான்கு வருடக் காகிதம், ஓரமெல்லாம் பொடிந்திருந்தது. ஆவணக்காப்பகம் அவளை நம்பி, ஏட்டிலிருந்து பிரித்துக் கொடுத்தது. பாதிரியார் அம்மாவின் பெயரை எழுதாமல் விட்டார். ஐசக் பொன்னையா அப்பாவை எடுத்துவிட்டார். இருவர் மீதும் அவளுக்கு ஆத்திரம் இருந்தது. ஐசக் பொன்னையாவின் மகள் அந்தக் கல்யாணம் நின்றுபோனால் என்ன ஆகியிருப்பாளோ என்று இடதுசன்னலில் நின்றபோது அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாள். நினைத்ததும் அந்தக் கல்லறையை மிதிக்க வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது. அது போனது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பொய்," என்றாள். பதினேழு வருடத் தொழிலில் அவள் சொன்ன முதல் பொய், ஒரு மெய்யைப் பொய் என்றது.

தாள் உள்ளே போனபோது சத்தமே வரவில்லை.

"உறுதிமொழி ஒன்று எழுதித் தர வேண்டும்," என்றது எந்திரம். "சிரமப்பட வேண்டாம். 2024ஆம் வருடத்து வாசகமே செல்லுபடியாகும். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஒரு குறை. பத்திரத்தில் தம்பிமார் என்று மட்டும் உள்ளது. தொகையும் பெயர்களும் இல்லை. பூர்த்தி செய்யவும்."

"ஏழு பேரு."

"ஆதாரம் ஏதும் உண்டா?"

"நான் எழுதினா அதான ஆதாரம்?"

"ஆம்," என்றது.

ஜெமிமா எழுதுகோலை எடுத்தாள். மற்ற வேர்தேடிகள் இல்லாத பாட்டிகளைப் படைத்தபோது அவர்களை எவ்வளவு ஏசியிருக்கிறாள்! முதல் தம்பிக்குப் பெயர் வேண்டும். அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். செல்வின் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். திரும்பிக் குனிந்து, நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினாள்: தானியேல்.

அப்பனை மகளுக்குத் தம்பியாக்கி வைத்தாள். அவளால் ஆனது அவ்வளவுதான். அதற்கப்புறம் மற்ற ஆறு பெயரும் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. வேதமுத்து, மாசிலாமணி, சவரிமுத்து, அந்தோணி, யாக்கோபு, கடைக்குட்டி பாக்கியநாதன்.

பின்னால் யாரோ இருமினார்கள். ஞானதிரவியம். எப்போது வந்து நின்றாரோ, அவள் தோளுக்கு மேலாகப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். தன்னுடைய ஆட்டுத் திருடனின் தாள்களையெல்லாம் அழிப்புவாயில் போட்டுவிட்டு வந்ததற்கு அடையாளமாகக் கை காலியாக இருந்தது. அவருக்குப் பின்னால், அன்றைக்குத்தான் எழுதிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பேர். பளபளத்த தரையில் ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

"ஏம்மா ஜெமிமா," என்றார் ஞானதிரவியம், குரலைத் தாழ்த்தி. "உங்க வீட்டுல ஏழு பேரு இருக்காங்க. ஏழு பேரும் சுத்தமானவங்க. ஒருத்தரை எங்களுக்கு விட்டுக் குடுத்தா குறைஞ்சா போயிருவே? நாங்களும் தம்பிச்சி வீடுதான்னு எழுதிக்கிடுதோம்."

ஜெமிமா அவரைப் பார்த்தாள். அவருக்கும் அந்தச் சித்திரை வரத்தான் போகிறது.

"யாரு வேணும் அண்ணாச்சி?"

ஞானதிரவியம் பட்டியலைக் கவனமாக மேலிருந்து கீழ்வரை படித்தார். சம்பந்தம் பார்க்கிறவரைப் போல ஒவ்வொரு பெயரையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். கடைசியில் முதல் பெயரில் விரலை வைத்தார்.

"இந்தத் தானியேலைத் தா. பேரைக் கேட்டாலே நம்ம மண்ணுன்னு தெரியுது."